பிறந்த நாளும் துப்பாக்கியும்

அமெரிக்காவில் பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளையின் பிறந்த நாளைக் கொண்டாட எத்தனையோ வழிகள் இருக்கின்றன. நீச்சல் குளம், பௌலிங் கூடம், பீட்ஸா கடை, வீட்டுப் பின்புறத்தில் கூடாரம். இவற்றோடு சில குடும்பங்கள் இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டிருக்கின்றன. காலையில் துப்பாக்கி சுடும் திடல், மதியம் சரித்திரக் கதை, மாலையில் கேக். வரும் சிறுவர்களுக்கு முக்கோணத் தொப்பி. சுவரில் பதின்மூன்று நட்சத்திரக் கொடி. 1775-இல் நியூ இங்கிலாந்து விவசாயிகள் ஆங்கிலேயப் படையை எதிர்த்து நின்ற கதையைக் கேட்டுவிட்டு, பிள்ளைகள் பாயில் குப்புறப் படுத்து முதல் தோட்டாவைச் சுடுகிறார்கள்.

நம்மில் பலருக்கு இதைக் கேட்டதும் முகம் சுளிக்கும். பிறந்த நாளில் விளக்கேற்ற வேண்டும், அணைக்கக்கூடாது என்று மெழுகுவர்த்திக்கே ஆட்சேபம் சொல்லும் பாட்டிகள் உள்ள நாடு இது. துப்பாக்கி என்றால் என்ன சொல்வார்கள்? ஆனால் சென்னையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் இருக்கும் எத்தனையோ தாத்தா பாட்டிகளின் பேரப்பிள்ளைகள் இன்று டெக்சாஸிலும் வட கரோலினாவிலும் வளர்கிறார்கள். வகுப்புத் தோழன் நீட்டும் அழைப்பிதழ் அவர்கள் வீட்டுக்கும் வரும். போகலாமா கூடாதா என்று அந்தப் பெற்றோர் தீர்மானிக்க வேண்டியிருக்கும். எனவே இது என்ன என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது நல்லது.

சரித்திரத்தையும் குறிபார்த்துச் சுடுவதையும் சேர்த்துக் கற்பிப்பது புதிய யோசனை அல்ல. 'ப்ராஜெக்ட் ஆப்பிள்சீட்' என்ற பெயரில் 2006 முதல் அமெரிக்கா முழுவதும் வார இறுதி வகுப்புகள் நடக்கின்றன. லாப நோக்கமற்ற அமைப்பு ஒன்று நடத்துகிறது. சிவப்புத் தொப்பி அணிந்த தொண்டர்கள்தான் ஆசிரியர்கள். இலக்கு இருப்பது வெறும் 25 மீட்டர் தூரத்தில். ஆனால் அதில் அச்சிட்ட உருவங்கள் 100, 200, 300, 400 கஜ தூரத்தில் தெரியும் அளவுக்குச் சிறிதாக்கப்பட்டவை. ரைபிள் பெரும்பாலும் .22 ரகம். சத்தமும் உதைப்பும் குறைவு. சிறுவர்களின் தோள் தாங்கும். நின்றபடி, உட்கார்ந்தபடி, படுத்தபடி என்று மூன்று நிலைகளில் சுட வேண்டும். தேர்வில் 40 தோட்டா, 250 மதிப்பெண். 210 எடுத்தால் 'ரைபிள்மேன்' என்று ஒரு துணிச் சின்னம். அப்பாக்கள் தோற்று மகள்கள் அதை வாங்கிப் போவதும் உண்டு. இடைவேளையில் ஆசிரியர்கள் 1775 ஏப்ரல் 19-இன் கதையை மூன்று பகுதிகளாகச் சொல்கிறார்கள். பிறந்த நாள் பார்ட்டிக்கு ஏற்பாடு செய்யும் பெற்றோர் இதே பாணியை ஒரு நாளுக்குள் சுருக்கிக்கொள்கிறார்கள்.

கதை நல்ல கதை என்பதில் சந்தேகமில்லை. பாஸ்டனில் இருந்த தளபதி கேஜ், கன்கார்டு என்ற ஊரில் குடியேற்றக்காரர்கள் சேர்த்து வைத்திருந்த வெடிமருந்தையும் ஆயுதங்களையும் கைப்பற்றும்படி சுமார் 700 சிப்பாய்களை ஏப்ரல் 18 இரவு அனுப்பினார். செய்தி முன்னாலேயே கசிந்துவிட்டது. பால் ரிவியர், வில்லியம் டாஸ் இருவரும் குதிரையில் பறந்து ஊர் ஊராகக் கதவைத் தட்டினார்கள். விடியற்காலையில் லெக்ஸிங்டன் ஊர்ப் பொதுத் திடலில் கேப்டன் ஜான் பார்க்கரின் கீழ் சுமார் 77 பேர் கொண்ட ஊர்ப்படை நின்றது. பார்க்கர் காசநோயாளி. அதே செப்டம்பரில் இறந்து போனார். எங்கிருந்தோ ஒரு வெடிச் சத்தம். முதலில் சுட்டது யார் என்று இன்றுவரை எவராலும் நிரூபிக்க முடியவில்லை. சில நிமிடங்களில் ஊர்க்காரர்கள் 8 பேர் பிணம். 10 பேருக்குக் காயம்.

சிப்பாய்கள் கன்கார்டுக்கு நடந்தார்கள். அங்கே வடக்குப் பாலத்தில் 400 பேர் எதிர்த்து நின்றார்கள். முன்வரிசையில் வந்தவர் ஆக்டன் என்ற சிற்றூரின் கேப்டன் ஐசக் டேவிஸ். வயது 30. துப்பாக்கி செய்வது தொழில். வீட்டுக்குப் பின்னால் தானே ஒரு சுடும் திடல் அமைத்து ஊர்க்காரர்களைப் பழக்கியவர். அன்று காலை நான்கு பிள்ளைகளும் நோயில் படுத்திருந்தார்கள், ஏதோ சொல்ல வந்தவர் போலத் திரும்பிப் பார்த்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார் என்று பல ஆண்டுகளுக்குப் பிறகு அவருடைய மனைவி நினைவுகூர்ந்தார். பாலத்தில் முதல் வரிசைத் தோட்டாக்களில் ஒன்று டேவிஸைக் கொன்றது. ஆங்கிலேயர்கள் பாஸ்டனுக்குத் திரும்பும் வழியெல்லாம் மரத்துக்கும் கல் சுவருக்கும் பின்னாலிருந்து தோட்டாக்கள் வந்தன. மெனோடமி என்ற ஊரில் எண்பதை நெருங்கிய சாமுவேல் விட்டமோர் என்ற கிழவர் தனியாக நின்று சுட்டார். முகத்தில் குண்டு, உடம்பெல்லாம் பயனெட் குத்து. ஆனால் பிழைத்து, மேலும் 18 ஆண்டு வாழ்ந்தார். இரவு கணக்கெடுத்தபோது ஆங்கிலேயர் தரப்பில் 73 பேர் இறந்திருந்தார்கள். ஊர்ப்படையில் 49.

இந்தக் கதையை ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை, புத்தகத்தில் நான்கு வரியாகப் படிப்பதற்கும், கையில் கனக்கும் ரைபிளைப் பிடித்துக்கொண்டு கேட்பதற்கும் நிச்சயம் வித்தியாசம் இருக்கிறது. சரித்திரப் பாடம் என்றாலே கொட்டாவி விடும் வயதில் அதைக் காது கொடுத்துக் கேட்கவைப்பது சின்ன சாதனை அல்ல.

சுடக் கற்பது பற்றியும் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்ல வேண்டும். சினிமாவில் துப்பாக்கி என்பது கோபத்தின் கருவி. திடலில் அது நேர் எதிர். கோபமாக இருப்பவனால் ஒரு சின்ன வட்டத்தைக்கூடத் தொட முடியாது. முன் குறியையும் பின் குறியையும் ஒரே கோட்டில் கொண்டுவர வேண்டும். அதை இலக்கின்மேல் நிறுத்த வேண்டும். மூச்சை வெளியே விட்டு, அடுத்த மூச்சு வருவதற்கு முன் உள்ள அந்தச் சிறு இடைவெளியில் அசையாமல் இருக்க வேண்டும். பார்வை முன் குறியின் மேல். விசையை இழுப்பது அல்ல, மெதுவாக அழுத்துவது. வெடித்த பிறகும் விரலை உடனே எடுக்காமல், குண்டு எங்கே போயிருக்கும் என்று மனதுக்குள் சொல்லிப் பார்ப்பது. ஒரு நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாத பிள்ளைக்கு இது தியானத்துக்குச் சமமான பயிற்சி. விளைவுக்கு வேறு யாரையும் குற்றம் சொல்லவும் முடியாது. காகிதத்தில் துளை எங்கே இருக்கிறதோ அங்கேதான் இருக்கிறது.

நான்கு விதிகள் இந்த வகுப்புகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. குழலின் வாய் எப்போதும் ஆபத்தில்லாத திசையில் இருக்க வேண்டும். ஆணை வரும்வரை தோட்டா போடக்கூடாது. குறி இலக்கில் படியும்வரை விரல் விசைக்கு வெளியே. நான்காவது விதிதான் முக்கியமானது: சுற்றி இருப்பவர்களும் இந்த விதிகளைக் கடைப்பிடிக்கிறார்களா என்று பார்ப்பது உன் பொறுப்பு. மூன்று விதிகள் தன்னைப் பற்றியவை. நான்காவது அடுத்தவரைப் பற்றியது. இதை மனதில் வைத்துக்கொள்ளலாம், பின்னால் தேவைப்படும்.

இனி மறுபக்கம். முதலில் சரித்திரத்துக்கே வருவோம். பார்ட்டியில் சொல்லப்படும் கதை பெரும்பாலும் குறி தவறாத விவசாயியின் கதை. உண்மையில் அன்று இரு தரப்பினரும் வைத்திருந்தது பெரும்பாலும் மஸ்கட், ரைபிள் அல்ல. குழலுக்குள் புரி இல்லாத துப்பாக்கி அது. நூறு கஜத்துக்கு அப்பால் ஓர் ஆளைக் குறிபார்த்து அடிப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்த விஷயம். அன்று பறந்த தோட்டாக்களில் மிகப் பெரும்பாலானவை யார் மேலும் படவில்லை. வென்றது தனி மனிதனின் குறி அல்ல. இருட்டில் கதவைத் தட்டிய செய்தி அமைப்பும், ஊர் ஊராகக் கூடிப் பேசிப் பல மாதங்களாகச் செய்த ஏற்பாடும்தான். பால் ரிவியர்கூடக் கன்கார்டு போய்ச் சேரவில்லை, வழியிலேயே பிடிபட்டார். செய்தியைக் கொண்டுபோனவர் வழியில் சேர்ந்துகொண்ட சாமுவேல் பிரஸ்காட் என்ற இளம் மருத்துவர். 1860-இல் லாங்ஃபெல்லோ எழுதிய கவிதை ரிவியர் ஒருவரையே கதாநாயகனாக்கிவிட்டது.

லெக்ஸிங்டனில் காயம் பட்டவர்களில் பிரின்ஸ் எஸ்டாபுரூக் என்ற கறுப்பர் ஒருவர் இருந்தார். சுதந்திரத்துக்காக நின்ற அந்த வரிசையில் அவர் ஓர் அடிமை. இவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொன்னால் அது பாதிக் கதை. இன்னொன்று. வகுப்புகளில் ஒரு இலக்கு சிவப்புக் கோட்டு அணிந்த சிப்பாயின் வடிவத்தில் இருக்கிறது. போட்டிகளில் ஒலிம்பிக் வரை இலக்கு என்பது வட்டம். மனித உருவம் அல்ல. இந்த வித்தியாசத்தைப் பெரியவர்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். முதல் முறை துப்பாக்கி தொடும் பிள்ளை கற்றுக்கொள்வது கண்ணையும் மூச்சையும் கட்டுப்படுத்தும் வித்தை என்றால் வட்டமே போதும். சிவப்புக் கோட்டுக்குள் இருந்தவனும் பிழைப்புக்காகக் கடல் தாண்டி வந்த ஏழை வீட்டுப் பிள்ளைதான் என்பதைச் சரித்திர வகுப்பு சொல்ல வேண்டும், மறைக்கக்கூடாது.

சரித்திரத்தைவிடப் பெரிய ஆட்சேபம் நிகழ்காலத்தில் இருக்கிறது. 2020-இல் அமெரிக்காவில் 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் 4,300-க்கும் மேற்பட்டவர்கள் துப்பாக்கியால் இறந்தார்கள். வாகன விபத்துகளை முந்திக்கொண்டு, அந்த வயதினரின் மரணத்துக்கு முதல் காரணமாகத் துப்பாக்கி ஆனது அந்த ஆண்டில்தான். பெரும்பகுதி கொலை. அடுத்தது தற்கொலை. தவறுதலாக வெடித்து இறப்பவர்கள் சிறு பங்குதான். சுடும் திடலில் சொல்லித்தரும் விதிகள் தடுப்பது இந்தச் சிறு பங்கை மட்டுமே என்பதைத் துப்பாக்கி ஆர்வலர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. குழலைப் பத்திரமான திசையில் வைக்கத் தெரிந்த பிள்ளைக்கும் ஓர் இரவு உலகம் இருண்டுபோகலாம். அப்போது அவனைக் காப்பாற்றக்கூடியது பயிற்சி அல்ல. பூட்டு.

பிறந்த நாளுக்கும் துப்பாக்கிக்கும் உள்ள உறவு அங்கே சில சமயம் பயங்கரமானது. 2022 மே மாதம் டெக்சாஸின் யுவால்டி ஊரில் ஓர் இளைஞன் 18 வயது நிறைந்த சில நாட்களுக்குள் இரண்டு ரைபிள்களைச் சட்டப்படி கடையில் வாங்கினான். மே 24-இல் தொடக்கப் பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். 2013-இல் கென்டக்கியில் 5 வயதுச் சிறுவன், தனக்குப் பரிசாக வந்த, சிறுவர்களுக்கென்றே தயாரிக்கப்பட்ட ரைபிளால் தன் 2 வயதுத் தங்கையைத் தவறுதலாகச் சுட்டுவிட்டான். உள்ளே ஒரு தோட்டா இருந்தது வீட்டில் யாருக்கும் தெரியாது. 2014-இல் அரிசோனாவில் ஒரு சுடும் திடலில் 9 வயதுச் சிறுமியின் கையில் ஊஸி இயந்திரத் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். உதைப்பில் அது மேலே எகிறி, பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தவரைக் கொன்றது. அந்தக் குழந்தையின் மீதி வாழ்க்கையை யோசித்துப் பாருங்கள். 2021-இல் மிஷிகனில் 15 வயது மகனுக்குப் பெற்றோர் முன்கூட்டியே தந்த கிறிஸ்துமஸ் பரிசு ஒரு கைத்துப்பாக்கி. நான்கே நாளில் அவனுடைய பள்ளியில் 4 மாணவர்கள் இறந்தார்கள். 2024-இல் தாய், தந்தை இருவருக்கும் தனித்தனியே பத்திலிருந்து பதினைந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை கிடைத்தது.

அப்படியானால் இந்தப் பார்ட்டியே கூடாது என்று சொல்லிவிடலாமா? அது எளிது. ஆனால் அந்த நாட்டில் துப்பாக்கி இல்லாத தெரு அபூர்வம். பிள்ளை அதை முதன்முதலாக எங்கே தொடுகிறான் என்பதுதான் கேள்வி. நண்பன் வீட்டு அலமாரியில் பெரியவர்கள் இல்லாதபோது தொடுவதைவிட, பத்துப் பேர் பார்க்க, விதிமுறையோடு தொடுவது மேல். ஆனால் அதை நடத்துகிற விதத்தில் சமரசம் கூடாது.

முதலில் அழைப்பிதழ். என்ன நடக்கப்போகிறது என்பதை அதில் ஒளிவுமறைவில்லாமல் சொல்ல வேண்டும். பிள்ளையை இறக்கிவிட்டுப் போன பிறகு பெற்றோருக்குத் தெரியவருவது பெரும் துரோகம். விரும்பாதவர்கள் கதைக்கும் கேக்குக்கும் மட்டும் வரலாம் என்று வழி இருக்க வேண்டும். அப்படி வரும் பிள்ளையை யாரும் கேலி செய்யக்கூடாது. பயிற்சி தருபவர் தகுதி பெற்றவராக இருக்க வேண்டும். துப்பாக்கி வைத்திருக்கும் மாமா போதாது. சுடும் ஒவ்வொரு புதுப் பிள்ளைக்கும் பக்கத்தில் ஒரு பெரியவர். அந்தப் பெரியவருக்கு அந்த நேரத்தில் போட்டோ எடுப்பது உள்பட வேறு வேலை கிடையாது. ஒரு நேரத்தில் ஒரு தோட்டா. ஒன்றைச் சுட்டுத் துப்பாக்கியைக் கீழே வைத்த பிறகுதான் அடுத்தது. தானியங்கித் துப்பாக்கியின் பேச்சே கூடாது. சிறியவர்களுக்கு .22 ரைபிள்கூட அவசியமில்லை. 10 மீட்டர் தூரத்தில் ஏர் ரைபிளும் காகித வட்டமும் அதே பாடத்தைச் சொல்லித்தரும். கண்ணாடியும் காதடைப்பும் பார்வையாளர்களுக்கும் சேர்த்து.

இன்னொரு விஷயம் பலருக்குத் தோன்றாது. .22 தோட்டா ஈயத்தால் ஆனது. சுடும்போது ஈயத் தூசு விரல்களிலும் சட்டையிலும் படியும். ஈயம் வளரும் மூளைக்கு விஷம். அதனால் திடலில் தின்பண்டம் கூடாது. சோப்புப் போட்டுக் கையும் முகமும் கழுவிய பிறகுதான் கேக். வரிசை முக்கியம்: சுடுவது முதலில், கொண்டாட்டம் பிறகு. சர்க்கரையும் கூச்சலும் ஏறிய பன்னிரண்டு பிள்ளைகளிடம் துப்பாக்கியைக் கொடுப்பவர் எவரும் ஆசிரியர் அல்ல.

கடைசியாகப் பரிசு. அன்று பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியது துளை விழுந்த காகிதம் மட்டுமே. துப்பாக்கி அல்ல.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். தூரமாகத் தெரியும் அந்தச் சரித்திரம் உண்மையில் நம் பக்கத்து அறைதான். 1773-இல் பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டப்பட்டது கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலை. 1781-இல் யார்க்டவுனில் அமெரிக்கர்களிடம் படையை ஒப்படைத்த அதே கார்ன்வாலிஸ் பிரபு, ஐந்தே ஆண்டில் இங்கே கவர்னர் ஜெனரலாக வந்து இறங்கி, திப்பு சுல்தானோடு போரிட்டார். அமெரிக்கர்கள் துப்பாக்கியைச் சுதந்திரத்தின் சின்னமாக நினைக்கிறார்கள். நம்மைப் பொறுத்தவரை 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு லைசென்ஸ் கட்டாயம் என்றும் ஐரோப்பியர்களுக்கு விலக்கு என்றும் சொன்னது. சுதந்திரம் வந்த பிறகும் 1959-ஆம் ஆண்டுச் சட்டம் மூலம் நாம் கட்டுப்பாட்டையே தேர்ந்தெடுத்தோம். இன்று 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு லைசென்ஸ் கிடையாது.

ஆனாலும் நாம் உத்தமர்கள் என்று மார்தட்ட வேண்டாம். உத்தரப் பிரதேசம், பீகார், ஹரியானா பக்கம் கல்யாணத்திலும் பிறந்த நாளிலும் வானத்தை நோக்கிச் சுடுவது கௌரவம். மேலே போன குண்டு எங்கேயோ இறங்குகிறது. மாப்பிள்ளை மேலும் மேடையில் ஆடும் பெண் மேலும் பட்டிருக்கிறது. 2019-இல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி, உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் கொண்டாட்டத் துப்பாக்கிச் சூட்டுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டம் போட வேண்டியிருந்தது. விதியும் ஆசிரியரும் இல்லாத இந்தக் கொண்டாட்டத்தைப் பார்த்தால், அமெரிக்கப் பிள்ளைகளின் திடல் எவ்வளவோ தேவலை.

துப்பாக்கியைக் கோபத்திலிருந்து பிரித்தெடுத்துக் காட்டுபவர்கள் நம்மிடமும் இருக்கிறார்கள். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் ஏர் ரைபிளில் உலகின் முதல் இடத்தைத் தொட்டவர். அவர் குறிபார்க்கும் வட்டத்தின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். அதைத் தொடுவதற்குத் தேவை எதிரி அல்ல, அமைதி.

ஆகவே, டல்லாஸிலோ ராலேயிலோ இருக்கும் மகளிடமிருந்து 'இப்படி ஒரு பார்ட்டிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், அனுப்பலாமா அம்மா?' என்று போன் வந்தால் பதறவும் வேண்டாம், சட்டென்று சரி சொல்லவும் வேண்டாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களே பெற்றோரிடம் கேட்கச் சொல்லும் ஒரு கேள்வி இருக்கிறது: என் பிள்ளை விளையாட வரும் உங்கள் வீட்டில் பூட்டி வைக்காத துப்பாக்கி இருக்கிறதா? ஒவ்வாமை இருக்கிறதா, நாய் கடிக்குமா என்று கேட்பதுபோல இயல்பாகக் கேட்கச் சொல்கிறார்கள். நம்மவர்களுக்குக் கூச்சம் வரும். 'அவர்கள் தப்பாக நினைத்துக்கொண்டால்?' என்று தயங்குவார்கள். தயங்க வேண்டியதில்லை. சுற்றி இருப்பவர்களும் விதியைக் கடைப்பிடிக்கிறார்களா என்று பார்ப்பது உன் பொறுப்பு என்று அவர்களுடைய திடலிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறார்கள். அந்த நான்காவது விதியைப் பெற்றோர் அழைப்பிதழ் வந்த அன்றே கடைப்பிடிக்கத் தொடங்கலாம். அந்தக் கேள்விக்கு முகம் கோணாமல் பதில் சொல்லும் வீட்டுக்குப் பிள்ளையை நம்பி அனுப்பலாம். முகம் கோணினால், பரிசைத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.